மனோவா கூரைமேல் கேட்ட ஆட்டம்

எங்கள் ஊருக்கு மனோவாவின் முகத்தைவிடப் பாதம்தான் நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து டிவியில் ரக்பி பார்த்தது. அவன் மட்டும் கூரைமேல் உட்கார்ந்து ஆண்டெனாக் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். சன்னல் வழியாகப் பார்த்தால் கூரை விளிம்பில் தொங்கும் அவன் இரண்டு கால்களும் தெரியும். ஆட்டம் சூடு பிடித்தால் அந்தக் கால்கள் ஆடும். படத்தில் பனி விழுந்தமாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்தால் உள்ளேயிருந்து பத்துப் பேர் கத்துவார்கள்.

"மனோவா, கொஞ்சம் மாமரத்துப் பக்கம்."

"வந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம். ஐயோ போயிருச்சு. திரும்பக் கடல் பக்கம்."

"வந்துச்சா?"

"வந்துருச்சு. மூச்சு விடாத. அப்படியே இரு."

அவனும் அப்படியே இருப்பான். வெயில், மழை, எறும்பு எது வந்தாலும் இருப்பான்.

அவன் எனக்குத் தாய்மாமன் மகன். என் அம்மா பிறந்த ஊருக்கே நான் மருமகளாக வந்தேன். ஊர்ப் பெண் பெற்ற பிள்ளை அந்த ஊரில் எதில் கை வைத்தாலும் யாரும் தடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாமன் வீட்டுப் பன்றிக்குட்டியைக் கேட்காமல் பிடித்து வந்திருக்கிறேன். மனோவா கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் சட்டையை எடுத்து என் புருஷனுக்குப் போட்டுவிட்டிருக்கிறேன். அவன் வெற்றுடம்போடு வாசலில் நின்று, "அத்தை மவளே, சட்டை போட்டும் உன் புருஷனுக்கு அழகு வரலையே, என்னையும் மடிச்சு எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டான். மாமன் மகனும் அத்தை மகளும் எதையும் சொல்லிக் கேலி செய்துகொள்ளலாம், யாருக்கும் கோபம் வரக் கூடாது. அதுவும் வழக்கம்தான். எனக்கு இல்லை என்று சொன்ன வாய் இந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இளவயதில் மனோவா ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரன். ஆற்றங்கரைத் திடலில் அவன் பந்தோடு ஓடினால் நாய்கள்கூடத் துரத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். இருபத்திரண்டு வயதில் முழங்கால் போனது. மூன்று மாதம் பாயில் கிடந்தான். எழுந்தபோது ஒரு கால் மற்றதைவிட மெதுவாக வந்தது. அதற்கப்புறம் மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் போட்டான். விக்காவைக் கட்டினான், மெரே என்ற ஒரு மகளைப் பெற்றான்.

கூட்டுறவுக் கடைக்கு முதல் டிவி வந்தபோது, இரண்டு மலைக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊருக்குள் படம் வருவதாக இல்லை. ஆளாளுக்கு ஏறிப் பார்த்தார்கள். மனோவா ஏறிக் கம்பைத் தொட்டதும் படம் பளிச்சென்று நின்றது. கையை எடுத்தான், போய்விட்டது. மறுபடி தொட்டான், வந்தது. அவன் உடம்பில் ஏதோ கம்பி ஓடுகிறது என்று ஊர் முடிவு கட்டியது. அன்று ஏறியவன் இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தலைக்கு மேல் கை நீட்டி ஒரு கோப்பை எடுப்பதானால்கூட, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கூரைமேல் ஏறுவதென்றால் உள்ளே இருக்கிற அத்தனை தலைக்கும் மேலே போவதல்லவா? மனோவா ஒருநாளும் கேட்காமல் ஏறியதில்லை. "பொறுத்துக்கணும், தலைக்கு மேல ஏறுறேன்" என்று குரல் கொடுப்பான். நாங்கள் உள்ளேயிருந்து, "ஏறு, ஏறு" என்போம். சில சமயம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வோம்.

ஆட்டத்தை அவன் எப்படித் தெரிந்துகொண்டான்? சட்டைப் பையில் ஒரு சின்ன ரேடியோ. அதில் சொல்வதையும் எங்கள் கூச்சலையும் சேர்த்து வைத்து அவனே ஒரு ஆட்டம் ஆடிக்கொள்வான். இறங்கி வந்து எங்களுக்கே ஆட்டத்தைச் சொல்லிக் காட்டுவான். பார்த்த எங்களைவிட நன்றாகச் சொல்வான். நம் பிள்ளைகள் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய காலையில் ஏறுவதற்குக் கூரையே இல்லை. பெரும் புயல் தூக்கிக்கொண்டு போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு மேல் தார்ப்பாய்தான். மனோவா நொண்டிக் காலோடு மாமரத்தில் ஏறிக் கம்பைப் பிடித்தான். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். அவன் மட்டும் மரத்தின் மேல் இலைகளுக்கு நடுவில் தனியாக அழுதான். கீழே இருந்த எங்களுக்கு விசும்பல்தான் கேட்டது. அடுத்த வருஷம் அவன் மனைவி விக்கா இறந்துபோனாள்.

கொஞ்ச காலத்தில் பழைய ஆண்டெனா ஒளிபரப்பையே நிறுத்திவிட்டார்கள். இனி டிஷ் இருந்தால்தான் படம் என்றார்கள். ஊரில் இரண்டே டிஷ். ஒன்று ஊர்த்தலைவர் வீட்டில், இன்னொன்று என் வீட்டில்.

என் வீட்டுக்கு அது வந்தது என் மகன் சமிசோனியால். அவன் சிட்னியில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். எச்டி டிவி ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பினான். இரண்டு பேர் படுக்கிற பாய் அகலம். சோபா வாங்கவும் காசு அனுப்பினான். டிஷ் மாட்ட வந்த ஆள், திருகாணியை இறுக்கிவிட்டு, இதை யாரும் தொடக் கூடாது என்று சொன்னான். மனோவா கீழே கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தான்.

"புடிக்க ஆள் வேண்டாமா தம்பி?"

"வேண்டாம் தாத்தா. அதுவா நிக்கும்."

"மழையில?"

"மழையிலயும்தான்."

"அப்ப அத்தை மவளே, எனக்கு வேலை போச்சு. சாயங்காலம் வந்து உன் சோத்தத் திங்கறேன்."

அன்றுதான் அவன் முதல்முறையாக வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு முழு ஆட்டம் பார்த்தான். வாசலை ஒட்டிக் கடைசியில் உட்கார்ந்தான். நான் எவ்வளவு சொல்லியும் உள்ளே தள்ளி வரவில்லை. முதல் பாதி முழுக்க வாயைத் திறந்தபடி இருந்தான். "லைசானி, ஒவ்வொரு புல்லும் தனியாத் தெரியுது" என்றான். "அந்தப் பையன் பூட்ஸ் கயிறு அவுந்திருக்கு, யாராவது சொல்லுங்களேன்" என்றான். பத்து வருஷமாக அவனுக்குக் காதால் மட்டும் பழக்கமான ஒரு ஆட்டக்காரன் முகம் திரையில் பெரிதாக வந்தபோது, "இவன்தானா அவன்? குட்டையா இருப்பான்னு நெனச்சிருந்தேனே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் ரேடியோ இல்லாமல் அவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. பையிலிருந்து எடுத்துக் காதோரம் ஓடவிடுவான். அதில்தான் தொல்லை. ரேடியோ முந்தி, டிவி பிந்தி. எட்டு எண்ணுகிற நேரம் வித்தியாசம். எங்கள் திரையில் பந்து இன்னும் நடுத்திடலில் இருக்கும்போதே வாசலிலிருந்து, "ட்ரை போட்டுட்டான், கோட்டத் தாண்டிப் பந்த வெச்சுட்டான்" என்று கை தட்டுவான். அப்புறம் நாங்கள் என்னத்தைப் பார்ப்பது? என் மருமகள் லித்தியா பல்லைக் கடிப்பாள். போதாததற்கு, ஆட்டமென்றால் நாற்பது பேர் வருவார்கள். சோபாவின் ஒரு கால் உடைந்தது. வேரை இடித்துக் கரைக்கிற யங்கோனாப் பானம் பாயில் கொட்டிப் பழுப்புக் கறையானது. குழந்தைகள் ஆட்டக்காரன் மூக்கைத் தொட்டுத் தொட்டுத் திரையெல்லாம் விரல் தடம். சமிசோனி போனில், "அம்மா, வீட்டு மனுசங்க மட்டும் பாத்தாப் போதும்" என்றான். நான் அவனை அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. பெரிய டிவி வந்ததிலிருந்து நானும் கொஞ்சம் பெரிதாகியிருந்தேன்.

பள்ளிக்கூடங்களின் ரக்பி இறுதி ஆட்டம் தலைநகர் சுவாவில் நடந்த வருஷம் அது. மெரேயின் மகன் இனோக்கே, மனோவா தோளில் வளர்ந்த பேரன், அவனுடைய பள்ளிக்காக ஓரத்தில் ஓடுகிறான். தாத்தா ஓடிய அதே இடம். ஊர் லாரியில் சுவாவுக்கு இடம் பிடிக்க அடிதடி. மனோவாவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மெரேவுக்கு இல்லை. அவன் தன் இடத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டான். "பெத்தவ போய்ப் பாக்கட்டும். திடல்ல உக்காந்தா எறும்பாட்டம்தான் தெரிவான். நான் லைசானி வீட்டுல புல்லு புல்லாப் பாத்துக்கறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதே சனிக்கிழமைக்கு லித்தியாவின் அப்பா அம்மா சுவாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அவர் மொசேசே, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நகரத்துக் கூட்டம் வேண்டாம், சம்பந்தி வீட்டில் அமைதியாகப் பார்க்கலாம் என்று வருகிறார். எனக்கு மனோவாவின் கிழிந்த சட்டை ஞாபகம் வந்தது. சேற்றுக் கால், சளசள வாய், காதோர ரேடியோ, எல்லாம் வந்தது. சம்பந்தி முன்னால் அவனை வாசலில் வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் இந்த வரியை மென்மையாக்க வேண்டாமா என்று கேட்கிறார். வேண்டாம். வெட்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவன் ஒரு கட்டு மரவள்ளியோடு வந்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"மச்சான், டிவி கெட்டுப்போச்சு."

"என்னாச்சு?"

"படம் வரல. நீலமா மட்டும் தெரியுது."

மரவள்ளிக் கட்டை மெதுவாகக் கீழே வைத்தான். "பொட்டியிலயா, டிஷ்ஷுலயா?"

"டிஷ்ஷுன்னு நெனைக்கிறேன்."

"ஏறிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். ஆளு வருவான் திங்கக்கிழமை."

அவன் கொஞ்ச நேரம் லாரி நிற்கிற இடத்தைப் பார்த்தான். லாரி அன்று மதியமே கிளம்பிப் போயிருந்தது. ஊர்த்தலைவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அதில்தான் போனார். "சரி விடு, ரேடியோ இருக்கு" என்றான். போகும்போது மரவள்ளியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தக் கிழங்கை அவித்துத்தான் மறுநாள் சம்பந்திக்குக் கோழியோடு வைத்தேன்.

லாரியில் இடம் கிடைக்காமல் ஊரில் இருந்தவர்களிடமும் டிவி கெட்டதாகவே சொல்லிவிட்டேன். பகலில் எங்கள் ஊரில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் உள்ளே நோயாளி என்று அர்த்தம். சனிக்கிழமை நான் கதவைச் சாத்தினேன், திரைச்சீலையை இழுத்துவிட்டேன், டிவி சத்தத்தைக் குறைத்தேன். கேக்கு, தேநீர், கோழி எல்லாம் பரப்பி வைத்தேன். சம்பந்தி சோபாவில் சாய்ந்துகொண்டார். திரையில் இனோக்கே வந்து நின்றபோது முகத்தில் பரு தெரிந்தது. கழுத்தில் மெரே கட்டிவிட்ட நூல் தெரிந்தது. கால்சட்டை ஓரத்தைக் கையால் திருகிக்கொண்டிருந்தான். மனோவாவும் ஆட்டத்துக்கு முன் அப்படித்தான் திருகுவான். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கண்ணைத் திருப்பி எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன்.

முதல் பாதியில் எங்கள் பையன்கள் ஒரு ட்ரை போட்டார்கள். சம்பந்தி எழுந்து நின்று கத்தினார். அவர் மனைவி ஆனாவும் கத்தினாள்.

"மெதுவா, மெதுவா" என்றேன்.

"ஏன், ஊர்ல யாராவது செத்துட்டாங்களா?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல."

இரண்டாவது பொய். பக்கத்து வீடு மனோவாவுடையது. எங்கள் சன்னலிலிருந்து இருபது எட்டு. அங்கே ஈரப்பலா மரத்தடியில் அவன் ரேடியோவோடு தனியாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். திரைச்சீலை இடுக்கில் ஒருமுறை பார்த்தேன். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் மழை பிடித்தது. எதிர்ப்பள்ளி இரண்டு புள்ளி முன்னால் போனது. இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. அப்போது சுவரில் ஏணி சாய்கிற சத்தம் கேட்டது.

"அத்தை மவளே, பொறுத்துக்கணும். தலைக்கு மேல ஏறுறேன்."

ஏறு என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா? முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவன் கேட்டதற்கு உள்ளேயிருந்து பதில் போகவில்லை. ஆனாலும் தகரம் கிறீச்சிட்டது. ஒரு கால் அழுத்தமாகவும் மற்றது இழுபட்டும் எங்கள் தலைக்கு மேல் நடந்து போனது.

"யாரது மேல?" என்றார் சம்பந்தி.

அதற்குள் படம் நடுங்கியது. சதுரம் சதுரமாக உடைந்தது. திரை முழுக்க நீலம்.

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே ஓடிச்சு, எந்தக் கிறுக்கன்..." என்று சம்பந்தி கத்த ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன். சம்பந்தியின் முகத்தில் கை வைப்பது எங்களில் எத்தனை பெரிய தப்பு என்று சொல்லத் தேவையில்லை. அவர் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். லித்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

மேலேயிருந்து குரல் வந்தது. "லைசானி, வருதா?"

வந்துகொண்டிருந்தது, நீ தொட்டாய், போய்விட்டது என்று சொன்னால் நான் பொய்க்காரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆட்டம் போய்விடும். இப்போது நினைத்தால் அந்த நேரத்தில் எனக்கு ஆட்டம்தான் பெரிதாக இருந்தது. கதவைத் திறந்து, இறங்கி உள்ளே வா மச்சான் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது வேறு.

"வரல மச்சான்."

"மாமரத்துப் பக்கமா?"

"ஆமா, மாமரத்துப் பக்கம்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

திரை மின்னிற்று. பச்சைத் திடல் மறுபடி வந்தது.

"வந்துருச்சு" என்றேன்.

"சரி. நான் அசையாமப் புடிச்சுக்கறேன். நீங்க பாருங்க."

அந்த டிஷ்ஷைப் பிடிக்க வேண்டாம் என்று எனக்குத் தெரியும். மழை தகரத்தில் அடித்தது. நான் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

திடீரென்று கூரையில் தொம் தொம்மென்று இரண்டு உதை. குதிகாலால் தகரத்தை உதைக்கிறான். "ஓடு ராசா, ஓடு" என்று மேலே சத்தம் கேட்டது. எங்கள் திரையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, பையன்கள் குவியலாகக் கிடந்தார்கள். நான் மனதுக்குள் எண்ணினேன். எட்டு எண்ணி முடிக்கும்போது பந்து குவியலிலிருந்து வெளியே வந்து இனோக்கே கையில் விழுந்தது. கோட்டோரமாக ஓடினான். சேறு தெறிக்கிறது, ஒவ்வொரு துளியும் தெரிகிறது. ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், சட்டை நீள்கிறது, இவன் தோளை ஒரு திருப்பு திருப்பி விடுபடுகிறான். அது மனோவாவின் திருப்பு. ஊரில் வேறு யாருக்கும் அது வராது. மூலையில் விழுந்து பந்தை வைத்தான். படுத்தபடி அவன் சிரித்தபோது பல்லில் புல் ஒட்டியிருந்தது.

வீடே எழுந்து ஆடியது. சம்பந்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மட்டும் கூரையைப் பார்த்தபடி நின்றேன். அங்கே மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தேன். அவன் முற்றத்தில் நின்றான். உடம்பெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான்.

"உள்ள வா மச்சான்."

அவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். இழுத்துவிட்ட திரைச்சீலை, பாதி தின்ற கேக்கு, கோழி எலும்பு, காலியான கோப்பைகள். ஆறு நிமிஷத்தில் யாரும் அவ்வளவு தின்றுவிட முடியாது.

"கால் சேறா இருக்கு. உன் பாய் புதுசு" என்றான். அப்புறம், "நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"என்னது?"

"இனோக்கே. பூட்ஸ் என்ன கலர்?"

"சிவப்பு."

"சிவப்பா? என்கிட்ட கறுப்புன்னு சொன்னானே திருட்டுப் பய. எந்தத் தோள்பட்டையத் திருப்புனான்?"

"இடது."

"இடது" என்று தலையாட்டினான். தன் இடது தோளை ஒருமுறை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு நொண்டியபடி வீட்டுக்குப் போனான். என் வாழ்க்கையில் என்னை யாரும் அடித்ததில்லை. அன்று அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டிவி போடக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. நான் கட்டை மீறத் தயாராக அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அபராதம் கட்டுகிறேன், போதகர் திட்டட்டும், நீ வா என்றேன். "ஓய்வு நாளும் அதுவுமா டிவி பாத்தா மேல இருக்கறவரு டிஷ்ஷத் திருப்பிருவாரு" என்று சிரித்தானே தவிர எழுந்திருக்கவில்லை. சரி, அடுத்த வருஷம் பார்ப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வருஷம் இனோக்கே ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய்விட்டான். அவன் டிவியில் வந்தது அந்த ஒரு நாள்தான்.

செவ்வாய்க்கிழமை நான் முறைப்படி மன்னிப்புக் கேட்கப் போனேன். யங்கோனா வேரை வைத்துக் கேட்டால் எதிரில் இருப்பவர் மறுக்கக் கூடாது, மனக்கசப்பு அங்கேயே முடிந்துவிட வேண்டும். என் கொழுந்தன் இலியேசா எனக்காகப் பேச வந்தான். என் உயரத்துக்கு ஒரு வேர்க்கட்டு. மனோவா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். லாரியில் போய்த் திரும்பிய பெரியவர்களும் இருந்தார்கள். இலியேசா தொண்டையைக் கனைத்து, "இந்த வேர் சின்னது, இதைக் கொண்டுவந்தவள் தலைகுனிந்து..." என்று ஆரம்பித்தான்.

மனோவா இடையில் புகுந்து மூன்று முறை கை தட்டி வேரைத் தொட்டுவிட்டான். தொட்டால் வாங்கிக்கொண்டதாக அர்த்தம்.

"ஒரு டிஷ்ஷ ரிப்பேர் பண்ணுனதுக்கு இவ்வளவு பெரிய கட்டா?" என்றான். "பெரியவங்களே, பாத்துக்கங்க. டவுன்லேர்ந்து ஆளு வந்தா இதுல பாதிகூடக் கேக்கமாட்டான். என் அத்தை மவளுக்கு மனசு அவ்வளவு பெருசு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "அதானே, உன் கை பட்டாத்தான் படம் வரும்" என்றார். நான், "அது இல்ல, டிவி கெடவே இல்ல" என்றேன். "கேட்டீங்களா, என் வேலை அவ்வளவு சுத்தம், கெட்டதே அவளுக்கு மறந்துபோச்சு" என்றான். மறுபடி சிரிப்பு. நான் மன்னிப்புக் கேட்கக் கொண்டுபோன வேரை அவன் கூலியாக வாங்கிக்கொண்டான். வாங்கியதைத் திருப்பிக் கேட்க முடியாது. அதை அப்போதே இடித்துக் கரைத்து, முதல் கோப்பையை எனக்குத்தான் கொடுத்தான். அதைக் குடித்தபோது மண் மாதிரி இறங்கியது.

எல்லோரும் போனபின் நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் பிடிவாதக்காரி என்று அவனுக்குத் தெரியும்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றேன்.

"மொத ட்ரைக்கே. ரேடியோவுல ட்ரைன்னு சொன்னதும் எட்டு எண்ணுனேன். உன் வீட்டுல கத்துனாங்க. அந்த எட்டு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு ஏறுன?"

"லாரி திரும்புனதும் எல்லாரும் கேப்பாங்கல்ல, கெட்ட டிவி எப்படி ஓடுச்சுன்னு? உன் சம்பந்தி வாயி வேற பெருசு. யாராவது ரிப்பேர் பண்ணியிருக்கணும்ல."

"அதுக்கு எதுக்கு டிஷ்ஷத் திருப்புன?"

"ரெண்டு நிமிசம் உங்களுக்கும் நீலமாத் தெரியட்டுமேன்னு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், எங்கள் முறை அப்படி. ஆனால் அவன் கண் என்னைப் பார்க்காமல் ஈரப்பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது ஆட்டமென்றால் என் கதவு திறந்துதான் இருக்கிறது. நாற்பது பேர் வந்தாலும் சரி, பாய் கறையானாலும் சரி. சோபாவில் ஒரு மூலை அவனுக்கென்று வைத்திருக்கிறேன், யாரையும் உட்காரவிடுவதில்லை. அவன் வருவதில்லை. ஏணியைச் சாய்த்து, பொறுத்துக்கணும் என்று கேட்டுவிட்டு மேலே ஏறிவிடுகிறான். "நான் விட்டா இவளுக்குப் படம் போயிரும்" என்று ஊரிடம் சொல்லி வைத்திருக்கிறான். அந்த டிஷ்ஷுக்கு மனோவாவின் கை வேண்டும் என்று ஊரும் நம்புகிறது. உள்ளே திரையில் ஒவ்வொரு புல்லும் தெரிகிறது. சன்னலில் அவன் கால் இரண்டும் தெரிகின்றன.

நடந்ததைச் சொல்ல நான் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் நடுவில் புகுந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிடுகிறான். அதனால்தான் எழுத்துத் தெரியாத நான் இதைச் சொல்லி எழுத வைத்தேன். டிவி கெடவில்லை. டிஷ்ஷுக்கு ஆள் வேண்டாம், அன்றும் வேண்டியிருக்கவில்லை. என் மாமன் மகன் தன் பேரன் ஓடியதைப் பார்க்க முடியாமல் செய்தது நான்.

வரும் சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் மனோவாவை வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அவன் நடுவில் ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தால், படிப்பவர் நிறுத்திவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும்.